கணக்கு இடிக்கிறது

மருதானையில், மழைக்கு நீலப் படங்கு போர்த்த கடையில்
ஜவ்பர் நானா முன்னூறு சொன்னார்.
முதுகு கிழிந்ததைக் காட்டினேன். இருநூற்றைம்பது.
"ரெண்டு தரம் படிச்சது மகள், கீழ வைக்க ஏலாது."
உண்மைதான். ஏலாது.

கோட்டையில் ஐந்து பத்து ரயில்.
கதவோரம் நின்றபடியே
கொம்பனித்தெரு வருமுன் ஆற்றில் இறங்கிவிட்டேன்.
முதலை. காய்ச்சல். பின்னால் துரத்தும் முரசு.
பம்பலப்பிட்டியில் கப்டனின் தோளில் அம்பு.
என் வெள்ளவத்தை எப்போது வந்து போனதோ,
இஸ்ஸோ வடைக்காரன் கூடையால் இடித்தபோது
கடல் இருட்டியிருந்தது,
பலகையில் அங்குலானை.

திரும்பும் ரயிலுக்குக் காத்திருந்த
நாற்பது நிமிடத்தில்தான்
எனக்குள் இருக்கும் கணக்குப்பிள்ளை விழித்தாள்.

புறப்பட்ட சுமைகாரர் நாற்பத்தொருவர்.
முதலைக்கு இரண்டு.
காய்ச்சலுக்கு ஒன்பது.
இரவில் ஓடிப்போன ஆறு பேருக்கு
நன்றிகெட்ட இனம் என்று அரைப் பக்கம்.
பாலத்துக் கயிற்றைக் கப்டனே வெட்டுகிறார்,
வேறு வழியில்லை, முரசு நெருங்குகிறது,
அப்போது பாலத்தில் பதினொருவர்.
(நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு
வெட்டு, வெட்டு என்றுதான் வாசித்தேன்.)
மிச்சம் பதின்மூன்று.
ஆனால் கப்பல் தெரிகிற கரையில்
மண்டியிட்டு அழுகிறவர்கள் எட்டுப் பேர்.

ஐந்து ரூபாய் இடித்தால்
முதலாளி இரவு ஒன்பது வரை வீட்டுக்கு விடமாட்டார்.
இங்கே ஐந்து ஆள் இடிக்கிறது.
பதினேழாம் பதிப்பு என்று போட்டிருக்கிறது.
ஒருவரும் கேட்கவில்லை.

நாய்க்குப் பெயர் உண்டு.
கல் குவித்த குழி உண்டு, மேலே சிலுவை உண்டு.
அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால்
"பாவம்" என்று எழுதியிருக்கிறான்
சி. ஞானேந்திரன், ஏழாம் வகுப்பு, 1957.
நானும் அங்கேதான் மூக்கை உறிஞ்சினேன்.
அதுதான் கோபம்.
எங்கே அழ வேண்டுமென்று
எவனோ குறித்து வைத்துவிட்டுச் செத்துப்போனான்.
நாங்கள் இருவரும்
ஒருவரையொருவர் தெரியாமல், ஒரு ஆயுட்கால இடைவெளியில்,
சொன்ன இடத்தில் அழுதிருக்கிறோம்.

இன்னொன்று.
கூலி என்ற சொல் அந்த இங்கிலீஷ் புத்தகத்தில்
பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.
எங்கள் சொல்.
எங்களிடம் அது, வேலை முடிந்தால் கைக்கு வருவது.
கப்பலேறிப் போய் வந்ததில் ஆளாகிவிட்டது,
கறுத்து, சோம்பி, பொய் சொல்லி,
உருமிக்கொண்டு.
முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துத் தேடினேன்.
கூலிகள் இருக்கிறார்கள்.
கூலி, ஓரிடத்திலும் கொடுபடவில்லை.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.
வெள்ளவத்தையில் இறங்கி,
பால்மா வாங்கி,
சொல்லாமல் படுத்துவிட்டேன்.

இன்று காலை, கந்தோரில், பேரேட்டில், என் கையெழுத்தில்:
"நாட்டாமிக் கூலி, பலருக்கு, 18,400."
பலருக்கு.
ஆறு வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன்.
கொடுபடுகிறது, அதுவரைக்கும் சரி.
கண்ணாடிக்கு வெளியே
முதலாம் குறுக்குத் தெருவின் நெரிசலைக் கிழித்துக்கொண்டு
"பாரம், பாரம்" என்று ஒருவர் போனார்,
தலையில் ஆறு பெட்டி,
முகம் நிழலுக்குள்.
தினமும் போகிறவராக இருக்கலாம்.
தினமும் வேறொருவராகவும் இருக்கலாம்.

இழுப்பறையில் இன்னும் ஒரு அத்தியாயம் மிச்சம்.
அந்த ஐந்து பேர் அதில் வரமாட்டார்கள், தெரியும்.
இருந்தும்
சோற்றுப் பார்சலை அவிழ்க்குமுன்
ஒரு பக்கம் புரட்டி,
கப்டனுக்குத் தோள் ஆறிவிட்டதா என்று
பார்த்தேன்.